மதுரை விமானமும் இரண்டு எஃப்-15களும்

2024 அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை இரவு. மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஏஎக்ஸ்பி684 விமானத்தில் வெடிகுண்டு இருப்பதாக அந்நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தகவல் சிங்கப்பூரை எட்டியதும் ஆகாயப் படையின் எஃப்-15எஸ்ஜி போர் விமானங்கள் இரண்டு மேலெழும்பின. மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளின் மேல் பறக்காதபடி பயணிகள் விமானத்தை ஒதுக்கி அழைத்துச் சென்றன. இரவு 10.04 மணி வாக்கில் அது சாங்கியில் பத்திரமாக இறங்கியது. தரையில் வான் தற்காப்பு ஏவுகணைப் பிரிவும் வெடிபொருள் அகற்றும் பிரிவும் முடுக்கிவிடப்பட்டிருந்தன. சக்கரம் தரையைத் தொட்டபின் விமான நிலையக் காவல்துறை பொறுப்பை ஏற்றது. அன்றிரவே அப்போதைய தற்காப்பு அமைச்சர் இங் எங் ஹென் ஃபேஸ்புக்கில் இவற்றைத் தெரிவித்துவிட்டார். மிரட்டல் வெறும் புரளி. அந்த வாரம் இந்திய விமானங்களுக்கு வரிசையாக வந்த புரளிகளில் அதுவும் ஒன்று.

அந்த விமானத்தில் யார் வருவார்கள் என்பதைச் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்துத் தொழிலாளர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் பாட்டிமார், ஊர்க் கல்யாணத்தை முடித்துக்கொண்டு திரும்பும் குடும்பங்கள். மறுநாள் என் காதில் விழுந்த பேச்சும் அதைச் சுற்றியே இருந்தது: ஒரு பொய் மின்னஞ்சலுக்கா இவ்வளவு பெரிய போர் விமானங்கள் இரண்டு? பெட்ரோல் செலவு என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கான பதில் எஃப்-15இல் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. உயரத்தில் பறக்கும் பயணிகள் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும். அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 14 கிலோமீட்டர். சிங்கப்பூர்த் தீவு கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர், வடக்கு தெற்காகச் சுமார் 27. ஜோகூர் நீரிணையைத் தாண்டி உட்லண்ட்ஸுக்கு மேல் நுழையும் ஒரு விமானம் இரண்டே நிமிடத்தில் மரினா பேயைக் கடந்துவிடும். சென்னையை நோக்கி வரும் விமானத்தின் மேல் சந்தேகம் வந்தால் அதைத் தன் நிலத்தின் மேலேயே நூறு கிலோமீட்டர் தள்ளி மறித்து விசாரிக்க இந்தியாவுக்கு இடம் இருக்கிறது. சிங்கப்பூரில் எல்லைக்குள் வந்தபிறகு இடைமறிப்பது என்ற பேச்சுக்கே பொருள் கிடையாது. கடலுக்கு மேல், கரையிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளிச் சந்தித்தாக வேண்டும்.

இது அன்று புதிதாகத் தெரிந்த உண்மையும் அல்ல. 2008 ஜனவரி 22 அன்று பயணத் திட்டம் தாக்கல் செய்யாமல் தாய்லாந்திலிருந்து வந்த ஒரு செஸ்னா 208, ஒற்றை விசிறி கொண்ட சின்ன விமானம், சிங்கப்பூர் வான்வெளியை நோக்கி வந்தபோது எஃப்-16கள் மேலெழும்பின. சாங்கி விமான நிலையம் சுமார் ஐம்பது நிமிடம் மூடப்பட்டது. உலகின் பரபரப்பான விமான நிலையங்களில் ஒன்று, ஒரு குட்டி விமானத்துக்காக.

இந்தக் குறிப்பில் நான் நிறுவ முயல்வது இதுதான்: சிங்கப்பூர் ஆகாயப் படையிடம் இருக்கும் கலவை, இந்த அளவு நாட்டுக்கு முதல் பார்வையில் விசித்திரமாகத் தெரியும். நான்கு முன்னெச்சரிக்கை விமானங்கள், ஆறு எரிபொருள் நிரப்பு விமானங்கள், மூன்று கண்டங்களில் பயிற்சித் தளங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் எடுத்து, இது எத்தனை நிமிடத்தை அல்லது எத்தனை கிலோமீட்டரை வாங்கித் தருகிறது என்று கேட்டால் பட்டியல் புரியத் தொடங்கும்.

கண்ணுக்குத்தான் முதல் செலவு

1980களின் தொடக்கத்தில் சிங்கப்பூரிடம் இருந்தவை பிரிட்டிஷ் ஹண்டர், பழைய அமெரிக்க ஸ்கைஹாக், 1979இல் வரத் தொடங்கிய எஃப்-5. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் எந்த ஆகாயப் படையும் அடுத்த தலைமுறைப் போர் விமானத்தைத்தான் கேட்கும். சிங்கப்பூர் 1983இல் நான்கு இ-2சி ஹாக்ஐ விமானங்களுக்குக் கையெழுத்திட்டது. முதுகில் தட்டு போன்ற ரேடாரைச் சுமந்துகொண்டு, விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறப்பதற்காக அமெரிக்கக் கடற்படை உருவாக்கிய விமானம் அது. 1987இல் அவை வந்து சேர்ந்தன. 1985இல் கேட்ட எட்டு எஃப்-16கள் சிங்கப்பூர் மண்ணில் இறங்கியது 1990இல்தான். ஆக, புதிய கைகளுக்கு முன்பே புதிய கண்கள் வந்துவிட்டன. ஐம்பதாண்டு வரலாற்றில் இந்தப் படை எடுத்த முடிவுகளில் மிகக் கூர்மையானது இது என்பது என் எண்ணம். ரேடார் தரையில் இருந்தால் பூமியின் வளைவு அதன் பார்வையை மறைக்கும். தாழப் பறந்து வரும் எதுவும் கடைசி நேரத்தில்தான் தெரியும். ரேடாரை மேலே தூக்கிவிட்டால் தொடுவானம் விலகிப் போகும். பத்து நிமிட எச்சரிக்கை அரை மணி நேரமாக நீளும்.

2007இல் ஹாக்ஐக்கு மாற்றாக, தனியார் பயணத்துக்கான கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550 ஜெட்டின் உடலில் ரேடார்களைப் பொருத்திய நான்கு விமானங்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. அதன் பின்னர் இன்னொரு வேடிக்கையான பொருளும் வந்தது: சுவா சூ காங் பக்கம் வானில் நிற்கும் வெள்ளைப் பலூன். 2014இல் அறிவித்து 2016இல் ஏற்றப்பட்டது. 55 மீட்டர் நீளம். கயிற்றில் கட்டி 600 மீட்டர் உயரத்தில் நிறுத்தினால் 200 கிலோமீட்டர் தூரம்வரை பார்க்கும். இது ஏன் தேவைப்பட்டது என்பதற்குத் தற்காப்பு அமைச்சு சொன்ன காரணம், உயரமான கட்டடங்கள் தரை ரேடார்களின் பார்வையை மறைக்கின்றன என்பது. நாற்பது மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சன்னலிலிருந்து கடல் தெரிகிறது என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அந்தச் சன்னலே ரேடாரின் கண்ணை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரே விமானம், இரண்டு நாடுகள்

தொடக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1971க்குள் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று சிங்கப்பூர் வான் தற்காப்புத் தளபத்தியம் உருவானது. 1969இல் பயிற்சிக்காக எட்டு செஸ்னா 172கள் வந்தன, பிறகு ஸ்ட்ரைக்மாஸ்டர், 1970இல் ஹண்டர். 1975 ஏப்ரல் 1 அன்று அது சிங்கப்பூர்க் குடியரசு ஆகாயப் படை என்று பெயர் பெற்றது.

நின்று பார்க்க வேண்டிய இடம் ஸ்கைஹாக். 1970களின் தொடக்கத்தில் சிங்கப்பூர் வாங்கியவை அமெரிக்கக் கடற்படை பயன்படுத்தி ஒதுக்கிய ஏ-4பி ரகம். பழைய இரும்பு வாங்குவது போன்ற பேரம்தான். ஆனால் அவற்றைப் புதுப்பித்த விதத்தில் ஒரு பிடிவாதம் தெரிகிறது. பயிற்சிக்கு இரண்டு இருக்கை கொண்ட ரகம் வேண்டும். விற்பனையில் இருந்த பயிற்சி ரகத்தை வாங்காமல், கையிலிருந்த ஒற்றை இருக்கை விமானத்தின் உடலை நீட்டி, இன்னொரு விமானி அறையைத் தனிக் கண்ணாடிக் கூண்டோடு பொருத்தினார்கள். அருகில் நின்று பார்த்தால் இரட்டைத் திமில் ஒட்டகம் மாதிரி இருக்கும். உலகில் வேறு எந்த ஸ்கைஹாக்கும் இந்த உருவத்தில் இல்லை. அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் வேலை நடந்தது.

1980களின் நடுவில் அடுத்த கட்டம். பழைய ஜே65 இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, எஃப்/ஏ-18 ஹார்னெட்டில் இருக்கும் எஃப்404 இயந்திரத்தின், பின்னெரிப்பான் (கூடுதல் உந்துதலுக்காக வெளியேறும் வாயுவில் மீண்டும் எரிபொருளை எரிக்கும் பகுதி) இல்லாத வடிவத்தைப் பொருத்தினார்கள். 1986இல் அந்த உருவில் அது முதன்முதலாகப் பறந்தது. சூப்பர் ஸ்கைஹாக் என்று பெயர். பழைய உடல், புது இதயம் என்பதோடு முடியவில்லை. உள்ளூர் விமானத் தொழில்துறைக்கு ஒரு போர் விமானத்தைப் பிரித்து, கணக்குப் போட்டு, திரும்ப முடுக்கிப் பறக்கவிடும் துணிச்சல் வந்தது. அந்த விமானங்கள் 2005 வரை முன்வரிசையில் இருந்தன. பிறகும் பிரான்சின் காஸோ தளத்தில் இளம் விமானிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, 2012இல் எம்-346 பயிற்சி விமானம் வந்தபின்தான் ஓய்வு பெற்றன.

இதே ஸ்கைஹாக் நியூசிலாந்திடமும் இருந்தது. அவர்களும் 1980களின் பிற்பகுதியில் அதற்குப் புது ரேடாரும் மின்னணுக் கருவிகளும் பொருத்தி மேம்படுத்தினார்கள். 28 எஃப்-16களைக் குத்தகைக்கு எடுக்கும் ஏற்பாடுகூடத் தயாராக இருந்தது. 2000இல் புதிய அரசு அதை ரத்து செய்தது. 2001இல் தாக்குதல் விமானப் பிரிவையே கலைத்துவிட்டார்கள். இன்றுவரை நியூசிலாந்திடம் போர் ஜெட் கிடையாது.

இரண்டு சிறிய நாடுகள், ஒரே விமானம், ஒன்று புது இயந்திரம் பொருத்துகிறது, மற்றொன்று கதவை மூடுகிறது. இதில் யார் புத்திசாலி என்று கேட்பது வீண். நியூசிலாந்துக்கும் அருகிலுள்ள பெரிய நிலப்பரப்புக்கும் நடுவே சுமார் 2,000 கிலோமீட்டர் கடல் இருக்கிறது. அந்தக் கடல்தான் அவர்களுடைய ஆகாயப் படை. எரிபொருளும் விமானியும் கேட்காமல் இரவு பகலாகக் காவல் நிற்கிறது. பால்டிக் நாடுகளிடமும் போர் விமானம் இல்லை. 2004 முதல் நேட்டோ நாடுகள் முறைவைத்து அவர்கள் வானைக் காக்கின்றன. சிங்கப்பூருக்கு அந்தக் கடலும் இல்லை, அப்படிப்பட்ட கூட்டணியும் இல்லை. 1971இல் உருவான ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு இருக்கிறது என்றாலும், தாக்குதல் வந்தால் ஐவரும் கலந்தாலோசிப்பார்கள் என்பதுதான் அதன் உறுதிமொழி. இரண்டு நிமிடத்தில் தீவைக் கடக்கும் விமானத்தின் முன் கலந்தாலோசனைக்கு நேரம் ஏது?

பெரிய விமானம் எதற்கு

அக்டோபர் இரவில் போன எஃப்-15எஸ்ஜி பற்றி இப்போது பேசலாம். 2005 டிசம்பரில், தேர்வுப் போட்டியில் ஐரோப்பாவின் டைஃபூன் முதலிலும் பிரான்சின் ரஃபேல் கடைசியிலும் கழிந்தபின், 12 விமானங்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. 2007இல் மேலும் 12, பின்னர் எண்ணிக்கை இன்னும் கூடியது. இரண்டு இயந்திரம், இரண்டு இருக்கை, நிறைய எரிபொருள். இவ்வளவு சின்ன நாட்டுக்கு இவ்வளவு நீண்ட தூர விமானமா என்று அப்போதே சிலர் புருவம் உயர்த்தினார்கள். நீண்ட தூரத்தை நீண்ட நேரம் என்று மாற்றிப் படித்தால் விடை கிடைக்கும். ஒரு பயணிகள் விமானத்தின் பக்கத்திலேயே பறந்துகொண்டு, அதன் விமானியோடு பேசிக்கொண்டு, கடலுக்கு மேல் வட்டமடித்துக் காத்திருக்கும் வேலைக்கு வேகத்தைவிடப் பொறுமைதான் தேவை. பின்னிருக்கையில் இன்னொருவர் இருப்பதும் இங்கே பெரிய உதவி: ஒருவர் ஓட்ட, மற்றவர் கவனிக்கவும் தரையோடு பேசவும் முடியும்.

எரிபொருள் நிரப்பு விமானங்களையும் இதே கணக்கில்தான் பார்க்க வேண்டும். ஆறு ஏர்பஸ் ஏ330கள், ஒவ்வொன்றும் 111 டன் எரிபொருள் சுமக்கும். தீவைச் சுற்றிப் பறக்க எதற்கு டாங்கர்? ஓடுபாதை சேதமாகியிருக்கும் ஒரு நாளில் மேலே இருக்கும் விமானம் மேலேயே இருக்க முடியும் என்பது ஒரு காரணம். பயிற்சிக்கு ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பறந்தாக வேண்டும் என்பது மற்றொன்று.

பல ரகங்களை வைத்திருப்பது சிறிய படைக்குச் சுமை. ஒவ்வொன்றுக்கும் தனி உதிரிபாகம், தனிப் பயிற்சி, தனித் தொழில்நுட்பர்கள். கணக்காளர் கேட்டால் ஒரே ரகமாக வாங்கச் சொல்வார். 2024 மே 8 அந்தக் கணக்காளருக்குப் பதில் சொன்ன நாள். தெங்கா தளத்திலிருந்து கிளம்பிய எஃப்-16 ஒன்று மேலெழும்பிய சற்று நேரத்தில் தளத்துக்குள்ளேயே விழுந்தது. விமானி வெளியே குதித்து உயிர் தப்பினார். விமானத்தின் மூக்கு மேலும் கீழும் அசைவதை அளக்கும் மூன்று முதன்மை ஜைரோஸ்கோப்களில் இரண்டு ஒரே நேரத்தில் பழுதாகித் தவறான தகவலைக் கணினிக்குக் கொடுத்தன என்று விசாரணை கண்டறிந்தது. மூன்றில் இரண்டு ஒரே பொய்யைச் சொன்னால், பெரும்பான்மைப்படி நடக்கும் கணினி பொய்யைத்தான் நம்பும். காரணம் தெரியும்வரை எஃப்-16கள் தரையில் நின்றன. படை முழுவதும் எஃப்-16 ஆக இருந்திருந்தால் அந்த நாள்களில் மின்னஞ்சல் மிரட்டல் வந்தால் யார் கிளம்பியிருப்பார்கள்? சிங்கப்பூரின் எஃப்-15எஸ்ஜியும் எஃப்-16சி/டியும் வெவ்வேறு நிறுவனங்களின் இயந்திரத்தில் ஓடுகின்றன என்பதையும் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வாடகை வானம்

விமானத்தை வாங்கலாம், வானத்தை வாங்க முடியாது. 1998 செப்டம்பரில் மலேசியா தன் வான்வெளியில் சிங்கப்பூர் ராணுவ விமானங்கள் பறப்பதற்குத் தந்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. தன் வானைப் பற்றி முடிவெடுப்பது ஒரு நாட்டின் உரிமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாசலைத் தாண்டினால் அடுத்தவர் வீடு என்ற நிலைமை அதில் தெளிவாகத் தெரிந்தது. அதே ஆண்டில்தான் காஸோவில் பிரெஞ்சுப் பயிற்சிப் பிரிவும் தொடங்கியது. இன்று ஒரு சிங்கப்பூர் விமானி மேற்கு ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் தளத்தில் பிசி-21 ஓட்டக் கற்று, பிரான்சில் எம்-346இல் தேறி, அமெரிக்காவின் ஐடஹோவில் மவுண்டன் ஹோம் தளத்தில் எஃப்-15எஸ்ஜிக்கு ஏறலாம். ஊருக்குத் திரும்பும்போது அவர் தன் சொந்த வானத்தைவிட அந்நிய வானத்தை நன்றாக அறிந்திருப்பார். இது மற்றவர்களின் நல்லெண்ணத்தின் மேல் நிற்கும் ஏற்பாடு. அதனால்தான் ஒரே நாட்டில் முட்டையெல்லாம் வைக்காமல் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

சாலையும் கல்லறையும்

வானத்துக்கு அடுத்த தட்டுப்பாடு தரை. லிம் சூ காங் சாலையை ஓடுபாதையாக்கும் பயிற்சி 1986 முதல் நடந்துவந்திருக்கிறது. 2016இல் நடந்தது ஏழாவது. சாலையை மூடி விளக்குக் கம்பம், போக்குவரத்துப் பலகை, பஸ் நிறுத்தம் எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்து, கூட்டிப் பெருக்கி, 2,500 மீட்டர் நீளத்துக்குக் கோடு போட்டு விளக்கு வைப்பார்கள். அகலம் 24 மீட்டர், வழக்கமான ஓடுபாதையில் பாதிகூட வராது. எஃப்-15இன் சிறகு நுனியிலிருந்து நுனிக்கு 13 மீட்டர். நடுக்கோட்டில் சரியாக வந்தால் பக்கத்துக்கு ஐந்தரை மீட்டர்தான் மிச்சம். பயிற்சி முடிந்ததும் பஸ் நிறுத்தம் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

எஃப்-35பியை வாங்க முடிவெடுத்ததன் வேர் இங்கே இருக்கிறது. குறுகிய ஓட்டத்தில் எழும்பி, நின்ற இடத்தில் இறங்கக்கூடியது அது. 2020இல் நான்கு, 2023இல் மேலும் எட்டு என 12 பி ரகம் முடிவானது. 2024 பிப்ரவரியில் எட்டு ஏ ரகமும் சேர்ந்து 20 ஆனது. பி ரகம் ஓடுபாதையை மிச்சப்படுத்துகிறது. விலையாக எரிபொருளைக் கேட்கிறது. அதன் உள்தொட்டியில் சுமார் 6 டன், ஏ ரகத்தில் 8 டன்னுக்கு மேல். இடத்தை மிச்சம் பிடித்தால் தூரம் குறைகிறது, தூரம் வேண்டுமென்றால் ஓடுபாதை வேண்டும். இரண்டிலும் கொஞ்சம் என்று முடித்திருக்கிறார்கள். ஆனால் மதுரை விமானத்துக்குத் துணை போகும் வேலைக்கு எஃப்-35 தேவையே இல்லை. ரேடாருக்குத் தெரியாமல் பறப்பதில் பயணிகள் விமானத்தின் முன் என்ன லாபம்? அந்த வேலைக்கு எஃப்-15எஸ்ஜியும் மேம்படுத்தப்பட்ட எஃப்-16களும் இன்னும் பல ஆண்டுகள் போதும்.

சிக்கல் அவை எங்கே நிற்கும் என்பதில்தான். எஃப்-15எஸ்ஜி அணிகளின் வீடு பாய லேபார் தளம். 2030கள் தொடங்கி அது மூடப்படும். அங்கும் சுற்றிலும் 800 ஹெக்டர் நிலம் விடுபடும், 1,50,000 வீடுகள் எழும்பலாம், தீவின் பெரும்பகுதியில் கட்டட உயரக் கட்டுப்பாடும் தளரும். மாற்றிடம் தர தெங்காவும் சாங்கியும் விரிகின்றன. தெங்காவை விரிக்க, சுவா சூ காங் இடுகாட்டில் சுமார் 80,500 கல்லறைகள், 45,500 சீனருடையவை, 35,000 முஸ்லிம்களுடையவை, தோண்டி எடுக்கப்படும் என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. சாங்கியில் ஆகாயப் படையின் 2.75 கிலோமீட்டர் ஓடுபாதையை 4 கிலோமீட்டராக நீட்டி, பயணிகள் விமானங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறார்கள்.

வீடு தேடும் இளந்தம்பதிகளின் பக்கம் நின்று பார்த்தால் பாய லேபார் முடிவில் குறை காண முடியாது. ஆகாயப் படையின் பக்கம் நின்றால் கணக்கு இடிக்கிறது: போர் விமானங்கள் இன்னும் குறைவான தளங்களில் குவியும், அவற்றில் ஒன்றின் ஓடுபாதையில் பயணிகள் விமானங்களும் வரிசையில் நிற்கும். 2008இல் ஒரு செஸ்னாவுக்காகச் சாங்கியை ஐம்பது நிமிடம் மூடினார்கள். அப்போது போர் விமானங்கள் வேறு தளங்களிலிருந்து கிளம்ப முடிந்தது. தெங்கா விரிவாக்கத்தில் லிம் சூ காங் சாலையின் ஒரு பகுதியும் மறைந்து வேறு தடத்தில் போகிறது. 24 மீட்டர் அகலத்தில் நேராக 2,500 மீட்டர் ஓடும் இன்னொரு சாலையைத் தீவில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதே இனி நான் கவனிக்கப்போகும் கேள்வி.